தணலும் காற்றும்

வீட்டில் நாள்தோறும் நாம் கையாளும் பொருள்களுள் தீயைப் போல நமக்குப் பழக்கமானது வேறில்லை. பழக்கமானது என்பதனாலேயே அதனை முற்றும் அறிந்துவிட்டோம் என்றும் எண்ணிக்கொள்ளுகிறோம். கொழுந்துவிட்டெரியும் தீயைக் கண்டால் குழந்தையும் அஞ்சி விலகும். சாம்பல் மூடிய தணலைக் கண்டோ பெரியவர்களும் அஞ்சுவதில்லை. "நெருப்பு அடங்கிவிட்டது" என்று சொல்லி, அதனருகே பாய் விரித்துப் படுத்தும் விடுகிறோம். அவ்வாறு சொல்லுவது எத்துணைப் பெரிய தவறு என்பதை என் வாழ்நாளில் இருமுறை கண்டிருக்கிறேன். முதன்முறை கண்டபோது எனக்கு வயது பத்து. இரண்டாம் முறை கண்டபோது, கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியனாக ஏறக்குறைய இருபது ஆண்டுகளைக் கழித்திருந்தேன். முதலாவது பிழையைச் சிறுவனின் அறியாமை என்று மன்னித்துவிடலாம். இரண்டாவது பிழைக்கு அத்தகைய சாட்டு எதுவும் எனக்கில்லை. ஆதலாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் என் தங்கை, தன் கணவருடனும் மகனுடனும் ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்திருந்தாள். மகனுக்கு வயது பதினாறு. வந்து இரண்டு நாள்கள் அவன் வளவைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "மாமா, எங்கட வீட்டுப் பின்வளவில ஒரு புகையடுப்பு இருக்கு. அதைப்போல இஞ்சயும் ஒண்டு செய்வமா?" என்று கேட்டான்.

புகையடுப்பு என்று அவன் கூறியது யாதெனில், மூடியுள்ள உயரமான ஓர் இரும்புப் பாத்திரம். அடியில் கரித்தணல்; தணலின் மேல் சில மரத்துண்டுகள்; அதற்கு மேல் ஒரு தட்டில் தண்ணீர்; எல்லாவற்றிற்கும் மேலே கம்பித்தட்டு. அதிலே மீனையோ இறைச்சியையோ வைத்து மூடி, 110 பாகை முதல் 120 பாகை செல்சியசு வரையான மெல்லிய வெப்பத்திலும் புகையிலும் பல மணி நேரம் வேகவிடுவார்கள். வட அமெரிக்காவில் விடுமுறை நாள்களிலே ஆண்கள் விரும்பிச் செய்யும் பொழுதுபோக்குகளுள் இஃதும் ஒன்று.

என் தாயார் ஒரு நிபந்தனை மாத்திரம் விதித்தார். "நல்லூர்க் கொடி ஏற முன்னம் செய்து முடியுங்கோ. கொடியேறினாப் பிறகு வீட்டில மச்சம் சேராது."

பழைய இரும்புக் கடையொன்றில் 200 லீற்றர் பீப்பா ஒன்றைப் பார்த்து வைத்து, இரும்பு ஒட்டும் தொழிலாளியிடம் சென்றோம். அவர் முதலிற் கேட்ட கேள்வி, "இதுக்குள்ள முந்தி என்ன இருந்தது?" என்பதே. பெற்றோல் இருந்த பீப்பா வெறுமையாயினும் அதனுள்ளே ஆவி தங்கியிருக்கும். வெட்டும்போது ஒரு பொறி பட்டாலும் வெடித்துவிடும் என்றார். ஆதலால் சமையல் எண்ணெய் வந்த பீப்பாவையே தேடி வாங்கினோம். நாகம் பூசிய தகடு எதனையும் உள்ளே பொருத்தக் கூடாது என்று நான் கூறினேன்; கடும் வெப்பத்தில் அப்பூச்சிலிருந்து எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். கீழே மூன்று துளைகள், அவற்றை வேண்டியபடி திறக்கவும் மூடவும் நகரும் தகடுகள், மேலே ஒரு புகைபோக்கி, மூடியில் ஒரு வெப்பமானி, நகர்த்துவதற்கு நான்கு சில்லுகள் எனப் பீப்பா உருமாறி வந்தது. முதலில் உணவெதுவும் வையாமல் ஒரு முறை நன்றாக எரித்து, பழைய எண்ணெயும் வர்ணமும் கருகிப் போகும்படி செய்தோம்.

இவை அனைத்தையும் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி என் தந்தையார் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பத்து மூன்று வயது. அந்தப் பீப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எங்கட புகைக்குடில்தானே மோனை! மண்சுவருக்குப் பதிலா இரும்பு. வேறென்ன?" என்றார்.

இளைய வாசகர்களுக்குப் புகைக்குடில் இன்னதென்று தெரியாதிருக்கலாம். யாழ்ப்பாணத்திலே வாயிலிட்டுச் சப்புவதற்கான புகையிலையைப் புகையிற் பதப்படுத்துவது நெடுங்கால வழக்கம். வாடவிட்ட இலைகளைத் தாழ்ந்த குடிலொன்றினுள்ளே வரிசையாகத் தொங்கவிட்டு, நிலத்திலே தென்னம் பொச்சைப் புகையவிடுவார்கள். பொச்சு புகைய வேண்டும், எரியக் கூடாது. ஒரு சுவாலை எழுந்தால், தலைக்கு மேலே உலர்ந்த இலை, அதற்கு மேலே உலர்ந்த கூரை. ஓராண்டு உழைப்பு அரை மணியிற் சாம்பலாகிவிடும். புகை நின்றாலோ இலை பழுதாகும். இவ்விரண்டிற்கும் நடுவே தீயை நிறுத்தி வைப்பதே என் தந்தையாரின் தொழில். அவர் வெப்பமானியைக் கண்டவரல்லர். புறங்கையைக் கதவருகே பிடித்துப் பார்ப்பார்; அவ்வளவுதான்.

அன்று பேரனை அருகில் இருத்தி அவர் சொன்ன பாடம் இது:

"விறகு நெருப்புக்குச் சோறு மோனை. காத்து அதுக்கு மூச்சு. சோத்தைக் குறைச்சால் நெருப்பு மெலியும். மூச்சைக் குறைச்சால் நெருப்புப் படுக்கும். ஆனால் படுத்த நெருப்பு செத்த நெருப்பில்லை. அதை மட்டும் மறந்திடாதை."

சனிக்கிழமை காலை அடுப்பு மூட்டும் வேலை தொடங்கியது. சிரட்டைக்கரி ஒரு சாக்கு வந்திருந்தது. கரி விரைவிலே பற்றவில்லை என்று என் மைத்துனர் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். தந்தையார் கையை நீட்டித் தடுத்துவிட்டார். பாதி கனிந்த கரியின் மேல் எண்ணெயை ஊற்றினால், எண்ணெய் எரியுமுன்னே அதன் ஆவி எழும். தீ அந்த ஆவியைப் பற்றிக்கொண்டு போத்தல் வரை ஏறிவிடும். மருமகன் வேறொரு வழி அறிந்திருந்தான். அடியிலே துளைகள் இட்ட பெரிய தகரப்பேணி ஒன்றைக் கரியால் நிரப்பி, கீழே கடதாசியைக் கொளுத்தினான். சூடான காற்று மேலெழ, கீழிருந்து புதுக்காற்று ஏற, இருபது நிமிடத்திற்குள் கரி முழுதும் கனிந்து, ஓரங்களிற் சாம்பல் பூத்தது.

அந்தத் தணலை அவன் குவியலாகக் கொட்டவில்லை. பற்றாத கரியைப் பீப்பாவின் அடியில் வளைந்த வரிசையாக அடுக்கி, அதன் ஒரு முனையில் மாத்திரம் சில தணல்களை வைத்தான். அதைக் கண்டதும் எனக்குச் சிலாபம் நினைவுக்கு வந்தது. என் முதல் நியமனம் அப்பகுதியிலேயே கிடைத்தது. அங்கே கொப்பறா உலர்த்தும் சூளைகளிற் சிரட்டைகளை ஒன்றினுள் ஒன்றாகக் கோத்து நீண்ட வரிசைகளாக வைத்து, ஒரு முனையிலே தீ வைப்பார்கள். தீ சிரட்டையிலிருந்து சிரட்டைக்கு மெல்ல நடந்து செல்லும். மேலே பரப்பிய தேங்காய் கருகாமல் உலரும். கனடாவிற் பிறந்த பிள்ளையின் கையும், சிலாபத்துத் தொழிலாளியின் கையும் ஒரே உண்மையைக் கண்டறிந்திருக்கின்றன. தீயைச் சிறிதாக வைத்திருக்க வேண்டுமாயின், அதற்கு உணவை வரிசையிலே கொடுக்க வேண்டும்.

எனினும் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்திருப்பது எளிதாயிருக்கவில்லை. முள் 150 பாகையைக் காட்டியதும் பையன் பதறிக் கீழ்த்துளைகள் எல்லாவற்றையும் மூடினான். சற்று நேரத்தில் 80 பாகைக்கு இறங்கியது. எல்லாவற்றையும் திறந்தான், 170 பாகைக்கு ஏறியது. தந்தையார் சிரித்துவிட்டார்.

"நாணயக் கயித்தைச் சும்மா சும்மா இழுத்தால் மாடு எங்க போறதெண்டு தெரியாமல் நிக்கும் மோனை. ஒருக்கா இழு. பிறகு பாத்துக்கொண்டிரு."

அதன் பின் ஒழுங்கு வந்தது. கீழ்த்துளையை ஒரு விரலளவு நகர்த்துவது. கால் மணி நேரம் பொறுப்பது. பிறகே அடுத்த மாற்றம். இரும்பு தன் வெப்பத்தை உடனே விடாதாகையால், வேண்டிய அளவை முள் அடையுமுன்னரே காற்றைக் குறைக்கத் தொடங்க வேண்டும். மேலேயுள்ள புகைபோக்கியை மூடவே கூடாது. மூடினால் தேங்கிய புகை மீனிலே கசப்பாகப் படியும். தட்டிலுள்ள தண்ணீர் கொதிநிலையாகிய 100 பாகைக்கு மேலே செல்லாது. மிகையான வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு ஆவியாகும். ஆதலால் தண்ணீர் தீர்ந்துவிடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். புகையின் நிறமும் ஒரு செய்தி கூறும். தடித்த வெண்புகை, மரம் ஈரம் என்றோ காற்றுப் போதாது என்றோ சொல்லும். மெல்லிய நீலப்புகை, எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று சொல்லும். நாங்கள் இட்டது நன்கு காய்ந்த மாமரத் துண்டுகள். வர்ணம் பூசிய பலகையையோ மருந்திட்ட மரத்தையோ ஒருபோதும் இடலாகாது.

நண்பகல் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. அதன் பின்னரே சோளகக் காற்று எழுந்தது.

யாழ்ப்பாணத்து ஆடி மாதத்துச் சோளகத்தை அறிந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று நேராகக் கீழ்த்துளைகளிலே புகுந்தது. துளைகளை முக்கால்வாசி மூடியும் முள் 180 பாகையைத் தாண்டிற்று. மூடியைத் தூக்கியபோது பொறிகள் பறந்து பனையோலை வேலிப்பக்கம் சென்றன. மருமகன் அஞ்சினான். அவன் செய்தது அறிவுள்ள பிள்ளை செய்யக்கூடிய செயலே. பீப்பாவை உருட்டிக்கொண்டு சென்று, இப்போது சாமான்கள் போட்டு வைத்திருக்கும் பழைய குசினிக்குள் விட்டான். காற்று உள்ளே வராதபடி கதவையும் ஒற்றைச் சன்னலையும் சாத்தினான். முள்ளைப் பார்த்துக்கொண்டு தானும் ஒரு முக்காலியில் அமர்ந்தான்.

நான் விறாந்தையில் இருந்து பரீட்சை விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் பீப்பாவை உருட்டிச் செல்வதைக் கண்டேன். கண்டதோடு நில்லாமல், "காத்துக்கு அது நல்ல இடம்" என்றும் சொன்னேன். இதை எழுதும்போது இன்றும் என் கை கூசுகிறது.

அரை மணி நேரம் சென்றிருக்கும். மதிய உறக்கத்திலிருந்து எழுந்த தந்தையார், "பொடியன் எங்க?" என்று கேட்டார்.

"பழைய குசினிக்குள்ள, ஐயா. புகையடுப்போட."

"கதவு?"

"சாத்தியிருக்கிறான்."

அவர் பொல்லையும் எடுக்காமல் எழுந்துவிட்டார். அவர் எழுந்த விதத்தைக் கண்டபோதே எனக்கு எல்லாம் விளங்கிற்று. ஓடிச்சென்று கதவைத் திறந்தேன். பையன் முழங்கால்களிலே தலையைக் கவிழ்த்தபடி இருந்தான். "தலையிடிக்குது மாமா" என்று சொல்லி எழ முயன்றான். கால்கள் அவனைத் தாங்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அவனைத் தூக்கி வந்து மாமரத்தின் கீழே கிடத்தினேன். அவன் வாந்தியெடுத்தான். என் மைத்துனர் உள்ளே பாய்ந்து பீப்பாவின் மூடியைத் திறக்கப் போனார். தந்தையார் அவரைத் தடுத்து, கதவையும் சன்னலையும் அகலத் திறந்துவிட்டு ஒருவரும் உள்ளே செல்லலாகாது என்றார். மூச்சடைத்துக் கிடக்கும் தீக்கு ஒரேயடியாகக் காற்றுக் கொடுத்தால் அது முகத்தில் பாயும் என்பது அவர் அறிந்தது. அறை நன்றாகக் காற்றோடிய பின்னர் துளைகளை எல்லாம் முற்றாக அடைத்து, அதனை அப்படியே விட்டோம்.

பையனை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். ஒட்சிசன் கொடுத்தார்கள். அன்றிரவு அங்கேயே வைத்திருந்து, மறுநாள் நலமாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றிரவு வைத்தியசாலையின் வெளி வாங்கிலில் நானும் தங்கையும் நெடுநேரம் பேசாதிருந்தோம். பின்பு அவளே, "அண்ணா, அண்டைக்கும் ஐயாதான் இழுத்தெடுத்தவர்" என்றாள்.

1991ஆம் ஆண்டு. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் அரிதான காலம். எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஏழு. புகைக்குடிலின் ஓரத்துத் தணலிலே நான் பனங்கிழங்குகளைப் புதைத்து வைத்திருந்தேன். கூரையோரத்துக் கிடுகை உயர்த்திப் புகையை வெளியேற்றிய பின்னரே உள்ளே போக வேண்டும் என்பது தந்தையாரின் கட்டளை. அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். தங்கையைக் கதவடியில் நிற்கச் சொல்லிவிட்டு நான் குனிந்து உள்ளே புகுந்தேன். கிழங்கைத் தோண்டியது நினைவிருக்கிறது. தலை இலேசாகி, நித்திரை வருவதுபோல ஒரு சுகம் தோன்றியதும் நினைவிருக்கிறது. அதன் பின் எதுவும் நினைவில்லை.

நான் வெளியே வராததைக் கண்ட அந்த ஏழு வயதுப் பிள்ளை, என்னைத் தேடி உள்ளே வரவில்லை. கிணற்றடிக்கு ஓடி ஐயாவைக் கூவி அழைத்தாள். அவள் உள்ளே வந்திருந்தால் இருவரும் எழுந்திருக்க மாட்டோம். தந்தையார் கூரையோரத்தைப் பிய்த்தெறிந்து, காலைப் பிடித்து என்னை வெளியே இழுத்தாராம். அன்று அவர் என்னை அடிக்கவில்லை. மறுநாள் குடிலுக்குப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, திறப்பை மடியிலே செருகிக்கொண்டார். அந்தப் போகம் முடியும்வரை திறப்பு அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

அந்த நாளை நான் மறந்தவனல்லேன். நான் இரசாயனம் பயின்றதற்கே அந்த நாள்தான் காரணமோ என்றும் சிலவேளை எண்ணியதுண்டு. கரி நிறைந்த காற்றில் எரியும்போது காபனீரொட்சைட்டு உண்டாகும். காற்றுக் குறைந்தால் காபனோரொட்சைட்டு உண்டாகும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு அதனைப் பற்றிக்கொள்ளும். அதனால் உடலுக்குச் சேர வேண்டிய ஒட்சிசன் சேராது. ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி இவ்வாயுவைத் தாமே சுவாசித்து, தம் உடலில் நிகழ்ந்தவற்றைக் குறித்து 1895இல் வெளியிட்டார். சுரங்கங்களிலே சிறு கனேரிப் பறவைகளைக் கொண்டு சென்று, அவை மயங்கினால் மனிதர் வெளியேறும் வழக்கம் அவருடைய ஆராய்ச்சியின் பயனே. பிரித்தானியச் சுரங்கங்களில் 1986ஆம் ஆண்டு வரை அப்பறவைகள் இருந்தன. இவற்றையெல்லாம் நான் மாணவர்க்குச் சுவையாகச் சொல்லுவேன். எனினும் என் கண் முன்னே ஒரு பிள்ளை தணலோடு அறைக்குள் சென்று கதவைச் சாத்தியபோது, என் படிப்பு எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தந்தையாரின் கால்களே எழுந்தன.

வெப்பத்தைத் தணிக்கக் காற்றைக் குறைக்கிறோம். காற்றைக் குறைக்கும்போதே நஞ்சைக் கூட்டுகிறோம். புகையடுப்பின் நுட்பமும் அபாயமும் ஒரே துளையில் இருக்கின்றன. திறந்த வெளியில் அந்த நஞ்சு காற்றோடு கலந்து போய்விடும். மூடிய அறையிலோ தங்கிவிடும். "புகை இல்லாமற் போச்சு, அதாலதான் கதவைச் சாத்தினான்" என்று மருமகன் பின்பு சொன்னான். மரத்துண்டுகள் எரிந்து தீர்ந்தமையால் புகை நின்றுவிட்டது. நன்கு கனிந்த கரி புகையாது. ஆயினும் நஞ்சை விட்டுக்கொண்டேயிருக்கும்.

வீடு திரும்பிய பின், அந்தப் பீப்பாவை விற்றுவிடலாம் என்றாள் தங்கை. தந்தையார் இணங்கவில்லை. "இப்ப விட்டால் பொடியன் பயத்தை மட்டும் படிச்சுக்கொண்டு போவான்" என்றார். ஆகவே கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னர் மீண்டும் மூட்டினோம். பீப்பாவை வீட்டிலிருந்தும் ஓலை வேலியிலிருந்தும் பன்னிரண்டு அடிக்கு அப்பால், சருகு கூட்டிய வெறுநிலத்தில் வைத்தோம். சோளகம் வீசும் பக்கத்தில் மாத்திரம் சற்றுத் தள்ளி இரண்டு தகரங்களை நிறுத்தினோம். ஏனைய மூன்று பக்கங்களும் திறந்தே இருந்தன. கீழ்த்துளைகளைக் காற்றுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பினோம். ஒரு வாளி மணலை அருகில் வைத்தோம். தணலிலே தண்ணீர் ஊற்றினால் நீராவியோடு சுடுசாம்பல் மேலெழும்பும். சொட்டிய கொழுப்பு எரியும்போது ஊற்றினால் எரிகொழுப்புத் தெறிக்கும். மூடியைத் திறக்கும்போது பையன் பக்கவாட்டில் நின்று, முதலில் இரண்டு விரலளவு உயர்த்திச் சற்றுப் பொறுத்து, பின்னரே முழுதும் திறந்தான்.

உப்புநீரில் ஊறிய பாரை மீன் துண்டுகள் இரண்டரை மணி நேரத்திற் பொன்னிறமாயின. துண்டின் நடுவே 63 பாகை வெப்பம் ஏறியிருப்பதைச் சிறு வெப்பமானியாற் பார்த்த பின்பே இறக்கினான். கோழியாயின் 74 பாகை வேண்டும் என்றான். என் தாயார் மணந்து பார்த்துவிட்டு, "மாசி வாசம் அடிக்குது" என்றார். மாசிக்கருவாடும் அவித்துப் புகையூட்டி வெயிலில் உலர்த்திய சூரை மீன்தானே! ஆயினும் மாசியைப் போல இதனை வைத்திருக்க முடியாது; அன்றே உண்ண வேண்டும், அல்லது குளிரூட்டியில் வைக்க வேண்டும். முதல் துண்டைத் தங்கை எடுத்துத் தந்தையாருக்குக் கொடுத்தாள்.

மறுநாட் காலை பையன் சாம்பலை அள்ளிப் பிளாத்திக்கு வாளியிற் போடப் போனான். தந்தையார் அவன் உள்ளங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடிக்கச் சொன்னார். வெப்பம் இருந்தது. குச்சியாற் கிளறியபோது, பதினாறு மணி நேரத்துக்குப் பின்னரும் உள்ளே ஒரு தணல் சிவந்து விழித்தது. "படுத்த நெருப்பு" என்றான் பையன். மூடியுள்ள தகரப்பேணியில் அள்ளி, வெறுநிலத்தில் இரண்டு நாள் வைத்திருந்த பின்னரே அதை வாழைக்குப் போட்டோம்.

புகையடுப்பு நம்மவர் வீடுகளில் அரிது. ஆயினும் தணல் அரிதன்று. 2022ஆம் ஆண்டில் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, மாடி வீடுகளிற் குடியிருந்தோரும் கரியடுப்பை நாடினார்கள். பிள்ளை பெற்ற அறையிலே கதவைச் சாத்தித் தணற்சட்டி வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. மழை இரவில் ஈரத்துணி உலர்த்தத் தணல் வைப்பாரும் உளர். தாய்மாரும் மாணவரும் இவற்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். ஆள் இருக்கும் மூடிய அறையிலே தணலை வைத்தல் கூடாது. சன்னலைச் சிறிது திறந்து வைத்தாற் போதும் என்று எண்ணுதலும் கூடாது. தணலருகே இருப்பவருக்குத் தலையிடி, மயக்கம், குமட்டல், காரணமற்ற நித்திரை இவற்றுள் ஒன்று தோன்றினாலும், உடனே வெளியே வந்துவிட வேண்டும். வைத்தியரிடம் காட்டவும் வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடக்கக் கண்டால், என் தங்கை செய்தது போல முதலில் உரக்கக் கூவி ஆட்களை அழைக்க வேண்டும். கதவு சன்னல்களைத் திறந்து காற்று விடாமல் உள்ளே பாய்பவர், விழுந்து கிடப்பவருக்குத் துணையாகத் தாமும் விழுவார்.

ஊருக்குத் திரும்பும் நாளன்று மருமகன் சொன்னான்: "அங்க எங்கட வீட்டில இந்தக் காத்து வந்தால் அடிக்கிறதுக்கு ஒரு மணி இருக்கு மாமா. வீடுகளில அது இருக்க வேணுமெண்டு சட்டம். இஞ்ச மணி இல்லையெண்டு நான் யோசிக்கேல்லை." பின்பு பாட்டனாரைப் பார்த்து, "இஞ்ச அம்மப்பாதான் மணி" என்றான். தந்தையாருக்கு அது முழுதும் விளங்கியதோ தெரியாது, சிரித்துக்கொண்டார்.

இப்போது எரிதலைப் பற்றிய பாடத்தைத் தொடங்குமுன், "உங்கள் வீட்டிற் படுத்துக்கிடக்கும் நெருப்பு எங்கே இருக்கிறது?" என்று மாணவரைக் கேட்கிறேன். அடுப்பங்கரை, சாம்பிராணிச் சட்டி, குப்பைக்கிடங்கு என்று ஒவ்வொருவராகச் சொல்லுவார்கள். அந்த அறைக்குக் கதவு உண்டா, இரவிலே அது சாத்தப்படுமா, அங்கே யார் படுக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்பேன். அதன் பின்பே வெண்கட்டியை எடுக்கிறேன்.